ராட்டினம் மறுபடி வரும்: தீம் பார்க் படங்கள், கேள்வி – பதில்

தீம் பார்க்கில் எடுத்த படங்கள் சரியாக வரவில்லை என்று வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் உள்ள எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அங்கிருந்து கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் பார்க்குக்குள் போய்ச் சேரவே மதியம் ஆகிவிட்டது. நுழைவாயிலில் எடுத்த எல்லாப் படத்திலும் பிள்ளைகளின் கண்கள் குழி விழுந்த மாதிரி இருண்டு கிடக்கின்றன. தொப்பி போட்டவனுக்குப் பாதி முகமே தெரியவில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

செட்டிங்கை அல்ல, ஆளை நகர்த்த வேண்டும். சூரியன் உச்சியில் நிற்கும்போது புருவம், மூக்கு, தொப்பி விளிம்பு எல்லாமே கீழ்நோக்கி நிழல் போடும். வெயில் படும் கன்னத்துக்கும் அந்த நிழலுக்கும் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வரை வித்தியாசம் வரும், அதாவது எட்டு மடங்கு. கன்னத்துக்குச் சரியாக வைத்தால் கண் கறுக்கும், கண்ணுக்கு வைத்தால் கன்னம் வெளுக்கும்.

சுலபமான வழி, நிழல் முடியும் இடத்தைத் தேடுவது. ஒரு கட்டடத்தின் நிழலோ, தாழ்வாரமோ, அடர்ந்த மரமோ போதும். நிழலின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே பிள்ளைகளை நிறுத்தி, முகத்தை வெளிச்சம் இருக்கும் பக்கம் திருப்புங்கள். எதிரே வெயில் பட்ட வெளிர்நிறத் தரை இருந்தால் இன்னும் நல்லது. தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தொப்பிக்கு அடியிலும் புகுந்து கண்ணைத் தூக்கிக் கொடுக்கும். நிழலில் வானத்தின் நீலம் தோலில் ஏறும் என்பதால் வொயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) ‘ஷேட்’ என்பதில் வையுங்கள். சிவப்பு, பச்சைத் துணிப் பந்தலுக்கு அடியில் மட்டும் நிற்க வேண்டாம். பந்தலின் நிறம் நெற்றியில் ஒரு அளவும் தாடையில் வேறு அளவுமாக விழுவதால், பிறகு கணினியில் உட்கார்ந்து திருத்தினாலும் முழுதாகப் போகாது.

கோபுரமோ நுழைவாயிலோ பின்னால் தெரிந்தே ஆக வேண்டும், நிழலே இல்லை என்றால் சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் வரும்படி நிறுத்தி ஃப்ளாஷ் போடுங்கள். பட்டப்பகலில் ஃப்ளாஷா என்று பலர் தயங்குகிறார்கள். ஃப்ளாஷ் மிகவும் உதவுவது இந்த வெயிலில்தான். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/200 அல்லது 1/250 விநாடியைவிட வேகமாகப் போகாது. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/250 வைத்தால் முழு வெயிலுக்கு அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்; எண் கூடினால் சுருங்கும்) எஃப்/11 தேவை. கேமராவின் மேல் எழும்பி நிற்கும் சின்ன ஃப்ளாஷின் கைடு எண் 12 என்று வையுங்கள். அந்த எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால், ஃப்ளாஷ் எத்தனை மீட்டர் எட்டும் என்பது கிடைக்கும். 12ஐ 11ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் சொச்சம். நிழலை லேசாக நிரப்பினால் போதும் என்று ஒரு ஸ்டாப் குறைத்துக்கொண்டாலும் ஒன்றரை மீட்டர்தான் எட்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொண்டு ‘ஃப்ளாஷ் வேலை செய்யவே இல்லை’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கிட்டே போங்கள், அல்லது ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் வேலை செய்யும் வசதி) உள்ள தனி ஃப்ளாஷ் பயன்படுத்துங்கள். ஃபோனில் உள்ள எல்.இ.டி. விளக்கு இந்த வெயிலுக்குக் காணாது.

கேள்வி: வெள்ளை வெளேரென்ற கோட்டை என் படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறது. பக்கத்திலேயே இருட்டுக் குகை வாசலை எடுத்தால் அது சாயம்போன மாதிரி வெளுக்கிறது. ஒரே கேமரா, ஒரே வெயில். கோளாறா?

கோளாறு இல்லை. எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கேமராவின் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவர் படத்தின் சட்டத்தை நிறைத்தால், ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று அது தானாகவே குறைத்துவிடும். குகையைக் காட்டினால் கூட்டிவிடும். எனவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (கேமரா வைக்கும் வெளிச்சத்தை நாம் ஸ்டாப் கணக்கில் கூட்டிக் குறைக்கும் வசதி) கோட்டைக்கு +1, குகைக்கு -1 முதல் -2 வரை வையுங்கள். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. முதலில் தலைகீழாகத் தோன்றும், இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

கூட்டும்போது ஓர் எல்லை உண்டு. வெளுத்துப்போன இடங்கள் மின்னிக் காட்டும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை எப்போதும் போட்டு வையுங்கள். கோட்டைச் சுவர் மின்னத் தொடங்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். வெளுத்துப்போன செங்கல்லை ராவ் கோப்பிலிருந்துகூட (கேமரா பதித்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) மீட்க முடியாது. கறுத்துப்போன நிழலை ஓரளவுக்கு மீட்கலாம்.

கேள்வி: ரோலர் கோஸ்டரை 1/500ல் எடுத்தேன். தண்டவாளம் கூர்மையாக இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் கலங்கித் தெரிகிறார்கள். 1/500 போதும் என்றுதானே சொல்கிறார்கள்?

ஓடும் பிள்ளைக்குப் போதும். கோஸ்டருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போனால் ஒரு விநாடிக்கு 20 மீட்டர். 1/500 விநாடியில் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். உங்கள் சட்டத்தில் 10 மீட்டர் அகலம் அடங்கியிருந்து, படம் 6000 பிக்சல் அகலம் என்றால், அந்த 4 சென்டிமீட்டர் 24 பிக்சல். கண், வாய் எல்லாம் அதில் கரைந்துபோகும். 1/2000 வைத்தால் 6 பிக்சலாகக் குறையும். அதைக் கண் பொறுத்துக்கொள்ளும். முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/8 வைத்தால் 1/2000 கிடைக்கும். மேகம் மூடிக்கொண்டால் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப்/5.6க்குப் போக வேண்டியிருக்கும். படத்தில் புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளியைக் குறைக்க மென்பொருள் இருக்கிறது, கலங்கிய முகத்தைச் சரிசெய்ய எதுவும் இல்லை.

எந்த இடத்தில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஏற்றத்தின் உச்சியில் வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டுத்தான் கவிழும். அங்கே 1/500 தாராளம், முகங்களில் பயமும் நன்றாகத் தெரியும். உங்களை நோக்கி நேராக வரும் வண்டியும் குறுக்கே போவதைவிடக் குறைவாகவே கலங்கும்.

கோஸ்டரில் இருக்கும் பெரிய வசதி, அது அதே தண்டவாளத்தில் மறுபடி வரும் என்பது. முதல் வண்டியைப் படம் எடுக்காமல் வெறுமனே பாருங்கள்: எந்த வளைவில் வெயில் முகத்தில் விழுகிறது, எங்கே தூணின் நிழல் குறுக்கிடுகிறது? இரண்டாவது வண்டியில் சோதனைப் படம். அதைப் பார்த்து மேனுவல் மோடில் எக்ஸ்போஷரை (அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும்) மாறாமல் நிலைநிறுத்திவிடுங்கள். தானியங்கி மோடில் விட்டால், வண்டிக்குப் பின்னால் வானம் வரும்போது ஒரு அளவும் மரம் வரும்போது இன்னொரு அளவுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். ஃபோகஸையும் தண்டவாளத்தின் ஒரு மூட்டில் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாவது வண்டி அந்த மூட்டுக்கு வருவதற்குச் சற்று முன்பே பர்ஸ்ட் எனப்படும் தொடர் படப்பிடிப்பைத் தொடங்குங்கள்.

கேள்வி: ராட்சத ராட்டினத்தை இரவில் நீள எக்ஸ்போஷர் வைத்து எடுத்தால் ஒளிச்சக்கரம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். 30 விநாடி வைத்தேன். நடுவில் வெள்ளைத் தட்டு, சுற்றிலும் கறுப்பு. அவ்வளவுதான் வந்தது.

இரண்டு தவறுகள். ஒன்று, நேரம் கடந்துவிட்டது. வானம் முழுக்கக் கறுத்த பிறகு விளக்கு மட்டும்தான் மிச்சம். ராட்டினத்தின் இரும்பு உடலே தெரியாது. சூரியன் மறைந்து 15 அல்லது 20 நிமிடம் கழித்து வானம் ஆழ்ந்த நீலத்துக்கு வரும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களில் அது 20 நிமிடத்துக்கு மேல் நிற்காது. தள்ளிப் போகப் போக நீளும். விளக்கின் பிரகாசமும் வானத்தின் பிரகாசமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் நேரம் அது. அதற்கு முன்பே இடம் பிடித்து நில்லுங்கள். அந்த நேரத்து வானத்துக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, 4 விநாடி என்று தொடங்கலாம். ராட்டினத்துக்கு ஏற்ப விநாடியை மாற்றுவது கீழே.

இரண்டாவது, 30 விநாடி. நகரும் விளக்கு சென்சாரில் (படம் பதியும் சில்லில்) ஒரு புள்ளியைக் கடந்து போய்விடுவதால், அது விட்டுச்செல்லும் கோட்டின் பிரகாசத்தை ஷட்டர் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை, அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும்தான் தீர்மானிக்கின்றன. ஷட்டர் தீர்மானிப்பது கோட்டின் நீளத்தையும் வானத்தின் பிரகாசத்தையும். ஆனால் ஒரு விளக்கு போன தடத்திலேயே அடுத்த விளக்கும் வந்து விழுந்தால் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். உங்கள் வெள்ளைத் தட்டு அப்படிப் பிறந்ததுதான்.

எனவே எத்தனை விநாடி என்று ஊகிக்க வேண்டாம், எண்ணிவிடலாம். ராட்டினம் ஒரு சுற்று முடிக்க எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். விளக்கு பதித்த ஆரக்கால்கள் எத்தனை என்று எண்ணுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 48 விநாடி, 24 கால்கள் என்றால் 2 விநாடி. ஒரு கால் அடுத்த காலின் இடத்தை எட்டிப்பிடிக்கும் நேரம் அது. சக்கரம் இடைவெளி இல்லாமல் நிரம்பும், ஒன்றின் மேல் ஒன்று விழாது. அதைவிடக் குறைத்தால் விசிறி மாதிரி வரும், அதுவும் அழகுதான். இந்த ராட்டினங்களின் முன்னோடி, 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுவியது. அதில் 36 கூண்டுகள். நிற்காமல் ஒரு சுற்றுக்கு 9 நிமிடம். நம் கணக்குப்படி ஒரு கூண்டு அடுத்த கூண்டின் இடத்துக்கு வர 15 விநாடி. ராட்டினத்துக்கு ராட்டினம் இந்த எண் எவ்வளவு மாறும் என்பதற்காகச் சொல்கிறோம்.

நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வந்துபோனால் படத்தில் கிடைப்பது வெள்ளை. நிறங்கள் என்ன வரிசையில் வருகின்றன என்று இரண்டு நிமிடம் பார்த்திருந்து, ஒரே நிறம் நிலைக்கும் பகுதியில் அழுத்துங்கள்.

கேள்வி: பல பார்க்குகளில் ட்ரைபாட் அனுமதி இல்லை. அப்போது?

போவதற்கு முன் அந்தப் பார்க்கின் விதியைப் படியுங்கள். சில இடங்களில் பைக்குள் அடங்கும் சின்ன ட்ரைபாடை விடுவார்கள். அதுவும் இல்லையென்றால் கைப்பிடிச் சுவர், குப்பைத்தொட்டியின் மூடி என்று அசையாத எதன்மீதும் துணிப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தி, 2 விநாடி டைமர் போடுங்கள். வாரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டியே வைத்திருங்கள். ஆட்கள் சாய்ந்து நிற்கும் கம்பி வேலி மட்டும் வேண்டாம், அது அதிர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: குதிரை ராட்டினத்தில் என் மகள் மட்டும் கூர்மையாகவும் பின்னணி இழுத்துவிட்ட மாதிரியும் வர வேண்டும். பத்தில் ஒன்றுகூட வருவதில்லை.

பத்தில் ஒன்று வந்தாலே நல்ல கணக்குதான், நிறைய எடுங்கள். ஷட்டரை 1/30ல் வையுங்கள். ராட்டினத்துக்குக் கூரை இருப்பதால் பகலிலும் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11 சுற்றி வரும். கூரை இல்லாத வெயிலில் அப்பர்ச்சரை எவ்வளவு சுருக்கினாலும் 1/30 கிடைப்பது கடினம். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்.டி.8 ஃபில்டர் தேவைப்படும்.

பலருக்குத் தப்புவது இடம். குதிரை உங்களை நோக்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் அதன் அளவே மாறிக்கொண்டிருப்பதால் கலங்கிவிடும். உங்களுக்கு நேர் எதிரே, பக்கவாட்டில் கடக்கும் அந்த ஒரு நொடிதான் உங்களுக்குரியது. மகளை வெளிவரிசைக் குதிரையில் உட்காரச் சொல்லுங்கள். பின்னணி அங்கேதான் வேகமாக ஓடும். குதிரை மேலும் கீழும் போவதையும் மறக்க வேண்டாம். உச்சியிலோ அடியிலோ அது ஒரு கணம் நிற்கும். அதுவும் நேர் எதிரே வருவதும் ஒத்துப்போகும் சுற்றுக்காகக் காத்திருங்கள். காலை ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்புங்கள். அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தாதீர்கள்.

இதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. அனுமதி இருந்தால் நீங்களும் பக்கத்துக் குதிரையில் ஏறிவிடுங்கள். இருவரும் சேர்ந்து சுற்றுவதால் மகள் உங்களுக்கு அசையாதவள், உலகம்தான் சுழலும். 1/15லிருந்து 1/30க்குள் பாதிப் படங்கள் தேறும். கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: படகில் உட்கார்ந்து இருட்டுக்குள் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே போகும் இடத்தில் எப்படி எடுப்பது? ஃப்ளாஷ் போட்டால் எல்லாமே தட்டையாகி, சுவரின் பெயிண்ட்கூடத் தெரிகிறது.

ஃப்ளாஷ் அங்கே வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணைக் கூசச் செய்யும். பல இடங்களில் தடையும் உண்டு. அங்குள்ள மாயமே விளக்கு அமைப்புதான், ஃப்ளாஷ் அதை அழித்துவிடும். ஃபோகஸ் உதவிக்கு எரியும் சிறு விளக்கையும் அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஏறுங்கள்.

எஃப்/1.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200, 1/60 என்று தொடங்குங்கள். சட்டத்தில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால் தானியங்கி மோடு அதைச் சாம்பலாக்கப் பார்த்து, விளக்கடியில் நிற்கும் பொம்மையின் முகத்தை வெளுக்கவைக்கும். எனவே -1 அல்லது -1.5 வையுங்கள். ஷட்டரும் அதனால் வேகமாகும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சிவப்பு, நீல விளக்குகளில் வழக்கமான ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்; வலது ஓரம் மிகுந்த வெளிச்சம்) நம்பாதீர்கள். மொத்த வரைபடம் நடுவில் இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். படத்தில் சிவப்புச் சட்டையின் மடிப்பு, தையல் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலைந்தால், இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் வைத்துப் பிடியுங்கள். படகு வரிசையில் நிற்கும்போதும் வளைவில் தயங்கும்போதும் எடுங்கள்.

கேள்வி: விளக்கு வளைவுகளை எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன. கண்ணுக்கு அப்படித் தெரியவில்லையே?

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் மலிவான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. சில வரிகள் மங்கிய நேரத்தில் மாட்டிக்கொள்கின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/120 அல்லது 1/60. பெரிய எல்.இ.டி. திரைகள் வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே ஷட்டரை ஒவ்வொரு படியாக மாற்றி, பட்டை மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: வாணவேடிக்கை எனக்கு எப்போதும் வெள்ளைப் பஞ்சாகவே வருகிறது.

ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டிருப்பீர்கள். பொறியும் ஓடும் விளக்குதான். ராட்டினத்துக்குச் சொன்ன விதி இங்கேயும் பொருந்தும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 முதல் எஃப்/11. ஷட்டரை பல்பில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் மோடு) வைத்து, வெடி மேலேறும்போது திறந்து, பூ விரிந்து பொறி விழத் தொடங்கியதும் மூடுங்கள். பெரும்பாலும் 2 முதல் 5 விநாடிக்குள் முடிந்துவிடும். அழுத்தும் விரலே கேமராவை ஆட்டிவிடும் என்பதால் கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கம்பிப் பட்டன்) வாங்கிக்கொள்ளுங்கள். தூரத்து விளக்கில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ட்ரைபாடில் இருந்தால் ஆட்டம் தடுக்கும் வசதியை அணையுங்கள்.

காற்று உங்கள் முதுகில் படும் பக்கமாக நில்லுங்கள். எதிர்க்காற்றில் புகை உங்களை நோக்கி வந்து, அடுத்த வெடி புகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடத்துக்குள்தான் வானம் தெளிவாக இருக்கும். அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எடுத்துக்கொண்டே இருங்கள். கடைசியில் சரமாரியாக வெடிக்கும்போது ஷட்டரை 1 விநாடிக்குக் குறைத்து, எஃப்/16க்கு இறக்குங்கள்.

கேள்வி: என்னிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்கு உதவுமா?

பெரும்பாலும் உதவும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு மங்கிய கோடு இழுத்துக்கொண்டு நிற்கும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தை மாற்றலாம். இரவில் விளக்கலங்காரத்துக்கு எப்போதும் கீழே இழுங்கள். நைட் மோடு பல படங்களை ஒன்றாக அடுக்கித் தருவது. நிற்கும் கோட்டைக்கு அது நல்லது. சுழலும் ராட்டினத்தில் பேய் உருவங்கள் வரும். அங்கே அதை அணைத்துவிடுங்கள்.

ப்ரோ மோடு (எண்களை நாமே வைக்கும் வசதி) இருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான ஃபோன்களில் அப்பர்ச்சரைச் சுருக்க முடியாது, எஃப்/1.8 என்றால் எப்போதும் அதுதான். சூரியன் மறைந்து வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும் நேரத்தில் ஐ.எஸ்.ஓ. 50ல் 2 விநாடி வைத்தால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளுத்துவிடும். ஃபோனோடு வரும் ஒளித்தட மோடு, அல்லது ஐஃபோனில் லைவ் போட்டோ எடுத்துவிட்டு அதை ‘லாங் எக்ஸ்போஷர்’ ஆக மாற்றுவது, இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகும் வழிகள்.

கேள்வி: தண்ணீர்ச் சறுக்கில் தெறிக்கும் துளிகளைப் பிடிக்க வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிட்டது. கேமரா கெட்டுப்போகுமா?

துளிகள் வைரம் மாதிரி மின்ன வேண்டுமென்றால் சூரியன் தண்ணீருக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் மரமோ இருண்ட சுவரோ வேண்டும். வானம் பின்னணியானால் துளி தெரியவே தெரியாது. 1/2000ல் துளி உறையும், 1/125ல் நூலாக நீளும்.

பனி என்பது குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவது. துடைத்தாலும் உடனே திரும்ப வரும். குளிரறையை விட்டு வெளியேறுமுன்பே கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். வெளியே வந்து 20 முதல் 30 நிமிடம் பை மூடியே இருக்கட்டும், கேமரா மெதுவாகச் சூடேறும். வெளிக்கண்ணாடியில் படிந்தது தானே போய்விடும், கெடுதல் இல்லை. அது போகும்வரை லென்ஸைக் கழற்றவோ கார்டு மூடியைத் திறக்கவோ மட்டும் கூடாது. ஈரக்காற்று உள்ளே போய் சென்சார் பக்கம் படிந்துவிடும்.